காற்றைத் தொட்டுப் படிக்க வேண்டும்!

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்.

அம்மி பறந்ததை யாரும் பார்த்தது இல்லை. ஆனால் ஆடி மாதத்தில் காரியாபட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். கரிசல் காட்டுப் புழுதி எழும்பிக் கண்ணை மறைக்கும். தகரக் கூரை தடதடக்கும். கொடியில் காயப்போட்ட வேட்டி அடுத்த தெரு வேலியில் கிடக்கும்.

காரியாபட்டி, விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. மதுரையில் இருந்து அருப்புக்கோட்டை போகிற வழியில் வரும் ஊர். வானம் பார்த்த பூமி. இந்த வட்டாரத்து மக்களுக்குக் காற்று புதிது அல்ல. களத்தில் தானியம் தூற்றிப் பழகியவர்கள். முறத்தைத் தூக்கும் முன்பே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கன்னத்தில் தெரிந்துகொள்கிறவர்கள்.

கரிமூட்டம் போடுகிறவரைக் கேளுங்கள். சீமைக் கருவேல மரத்தை வெட்டி அடுக்குகிறார். மேலே தழையைப் போட்டு, மண்ணைப் பூசி மூடுகிறார். தீ வைக்கிறார். மூட்டம் நாள் கணக்கில் புகைந்துகொண்டே இருக்கிறது. எங்கேயாவது மண் வெடித்து ஓட்டை விழுந்தால், ஓடிப் போய் அடைக்கிறார்.

ஏன்?

காற்று தாராளமாக உள்ளே போனால் விறகு முழுவதும் எரிந்து சாம்பல் ஆகிவிடும். கரி கிடைக்காது. உழைப்பு வீண். இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கை கற்றுக்கொடுத்த பாடம்.

அவருடைய பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. "காற்று இடத்தை அடைத்துக்கொள்ளும். காற்றுக்கு எடை உண்டு. காற்றுக்கு அழுத்தம் உண்டு. எரிவதற்குக் காற்று வேண்டும்" என்று நாலு வரியை மனப்பாடம் செய்கிறது. தேர்வில் எழுதுகிறது. முழு மார்க் வாங்குகிறது.

அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "அடுப்பில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்துக்கொண்டால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். பல பிள்ளைகள், "தண்ணீர் ஊற்றுவேன்" என்றுதான் சொல்லும்!

இதுதான் கோளாறு. நாலு வரியும் வாயில் இருக்கிறது. கைக்கு வரவில்லை.

காற்றுப் பாடம் மார்க்குக்கு மட்டும் ஆன பாடம் அல்ல. உயிருக்கு ஆன பாடம். பட்டாசும் தீப்பெட்டியும் கல் குவாரியும் ஆழக் கிணறும் நிறைந்த மாவட்டத்தில் அதை வாயால் மட்டும் படித்தால் போதாது. கையால் செய்து படிக்க வேண்டும். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு வாளித் தண்ணீர், பழைய பேப்பர், மூன்று மெழுகுவத்தி. அவ்வளவுதான்.

நனையாத காகிதம்

முதலில் சுலபமானது. ஒரு துண்டுக் காகிதத்தைக் கசக்கி, டம்ளரின் அடியில் இறுக்கமாகத் திணியுங்கள். டம்ளரைத் தலைகீழாகப் பிடித்து, கொஞ்சமும் சாய்க்காமல் வாளித் தண்ணீரில் அழுத்துங்கள். பிறகு அப்படியே நேராக வெளியே எடுங்கள்.

காகிதத்தைத் தொட்டுப் பாருங்கள். நனையவில்லை!

"காலி" டம்ளர் என்கிறோம். அது காலி இல்லை. உள்ளே காற்று இருக்கிறது. அது இடம் விடவில்லை. அதனால் தண்ணீர் மேலே வர முடியவில்லை. இரண்டாவது முறை டம்ளரைத் தண்ணீருக்குள் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். குபுகுபு என்று குமிழி வரும். காற்று வெளியேறுகிறது, தண்ணீர் உள்ளே நுழைகிறது. காகிதம் நனைகிறது.

ஐந்து வயதுக் குழந்தைகூட இதைச் செய்யலாம். செய்த குழந்தை மறக்காது. பாத்திரக்கடையில் வாங்கிய புனலைச் சீசா வாயில் இறுக்கமாக வைத்து எண்ணெய் ஊற்றினால் ஏன் இறங்காமல் நிற்கிறது, புனலைச் சற்றுத் தூக்கியதும் ஏன் இறங்குகிறது என்று அம்மாவுக்கே விளக்கம் சொல்லும்.

அறைக்குள் 33 கிலோ!

காற்றுக்கு எடை உண்டு என்றால் எவ்வளவு?

10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கட்டில், பீரோ எதுவும் இல்லை. காற்று மட்டும்தான். அந்தக் காற்றை அப்படியே பிடித்துத் தராசில் வைக்க முடிந்தால் சுமார் 33 கிலோ இருக்கும். பத்து வயதுப் பிள்ளையின் எடை!

இந்தக் காற்று நம் தலைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. அவ்வளவும் சேர்ந்து அழுத்துகிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில், அதாவது சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில், சுமார் ஒரு கிலோ பாரம். உடம்பு ஏன் நசுங்கவில்லை? உடம்புக்கு உள்ளே இருந்தும் அதே அளவு அழுத்தம் வெளியே தள்ளுகிறது. சரிக்குச் சரி. அதனால் பாரம் தெரியவில்லை.

இதை நம்ப முடியாதவர்கள், படித்து முடித்ததும் இந்தப் பேப்பரையே எடுத்துச் சோதிக்கலாம். பழைய மர ஸ்கேல் ஒன்றை மேஜை ஓரத்தில் வையுங்கள். பாதிக்கும் சற்றுக் குறைவாக வெளியே நீட்டி இருக்கட்டும். மேஜை மேல் இருக்கும் பாதியின் மேல் பேப்பரை முழுத்தாளாக விரித்து, சுருக்கம் இல்லாமல் தடவிவிடுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நீட்டிய பகுதியைச் சட்டென்று ஓங்கி அடியுங்கள்.

பேப்பர் பறக்காது. ஸ்கேல்தான் ஒடியும்!

விரித்த பேப்பரின் மேல் மூன்று டன்னுக்குக் குறையாத காற்றுப் பாரம் இருக்கிறது. மெதுவாக அழுத்தினால் பேப்பர் எழும்பும். அதற்கு அடியிலும் காற்று புகுந்துவிடுகிறது. சட்டென்று அடித்தால் புக நேரம் இல்லை. (பள்ளிக்கூட ஸ்கேலை ஒடித்துவிட்டு அடி வாங்கினால் பத்திரிகை பொறுப்பு அல்ல!)

ஜெர்மனியில் மக்டபர்க் நகரத்தின் மேயராக இருந்தவர் ஆட்டோ வான் கெரிக். இரண்டு செம்பு அரைக்கோளங்களைச் சட்டியும் மூடியும் போல ஒன்றாகப் பொருத்தினார். உள்ளே இருந்த காற்றைத் தாமே செய்த பம்பினால் வெளியே எடுத்தார். 1657-ல் அந்த ஊரில், பக்கத்துக்கு 8 குதிரைகளாக 16 குதிரைகளைப் பூட்டி இழுக்கச் சொன்னார். பிரிக்க முடியாமல் குதிரைகள் திணறின. உள்ளே காற்றை விட்டதும், கையால் தொட்ட மாத்திரத்தில் பிரிந்துவிட்டது. குளியல் அறைக் கண்ணாடியில் ஒட்டுகிற ரப்பர் கொக்கியும் இதே கதைதான். பசை எதுவும் இல்லை. வெளிக்காற்று அமுக்கிப் பிடித்திருக்கிறது.

உறிஞ்சுவது யார்?

இளநீர்க் கடையில் குழல் போட்டு உறிஞ்சுகிறோம். தண்ணீரை இழுத்தது வாய் என்று நினைக்கிறோம். இல்லை! வாய் செய்தது, குழலுக்குள் இருந்த காற்றைக் குறைத்தது மட்டுமே. இளநீரின் மேல் அழுத்திக்கொண்டு இருக்கும் வெளிக்காற்றுதான் அதை மேலே தள்ளுகிறது.

சந்தேகமா? ஒரு பிளாஸ்டிக் சீசாவில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்புங்கள். மூடியில் துளை போட்டுக் குழலைச் செருகி, சந்தை மெழுகால் நன்றாக அடையுங்கள். பிள்ளையிடம் கொடுத்துக் குடிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு உறிஞ்சினாலும் சொட்டுச் சொட்டாகக்கூட வருவது கஷ்டம். சீசாவுக்குள் வெளிக்காற்று போக வழி இல்லை. தள்ள ஆள் இல்லை.

விளையாட்டுப் போலத் தோன்றும். கிணற்றை நம்பிப் பயிர் செய்கிற காரியாபட்டி விவசாயிக்கு இது விளையாட்டு அல்ல.

கிணற்று மேட்டில் மோட்டாரை வைத்துக் குழாயை உள்ளே விட்டால் எவ்வளவு ஆழத்தில் இருந்து தண்ணீர் ஏறும்? எவ்வளவு பெரிய மோட்டாராக இருந்தாலும் சுமார் 10 மீட்டர்தான். அதாவது 33 அடி. நடைமுறையில் 25 அடி வந்தாலே அதிகம். வெளிக்காற்றால் அவ்வளவு உயரத்துக்குத்தான் தண்ணீரைத் தாங்க முடியும். குதிரைசக்தியைக் கூட்டிப் பயன் இல்லை.

இத்தாலியில் கிணறு வெட்டியவர்களுக்கும் 400 வருஷங்களுக்கு முன்பு இதே தொல்லை வந்தது. அந்த அளவுக்கு மேல் பம்பு இழுக்க மறுத்தது. கலிலியோவின் சீடர் டாரிசெல்லி 1643-ல் ஒரு வழி கண்டுபிடித்தார். 10 மீட்டர் தண்ணீர்க் குழாயைத் தூக்கித் திரிவது யார்? தண்ணீரைவிடப் பதின்மூன்று மடங்குக்கு மேல் கனமான பாதரசத்தை எடுத்துக்கொண்டார். 76 சென்டிமீட்டரில் நின்றுவிட்டது. ஐந்து வருஷம் கழித்து, 1648-ல், பிரான்சில் பாஸ்கல் என்ற அறிஞர் தம் மைத்துனரைப் பாதரசக் குழாயுடன் மலை உச்சிக்கு அனுப்பினார். மேலே போகப் போகப் பாதரசம் இறங்கியது. உயரத்தில் காற்றின் பாரம் குறைவு என்று நிரூபணம் ஆயிற்று.

கொடைக்கானலுக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் கையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட்டைக் கவனிக்கட்டும். வத்தலக்குண்டில் வாங்கும்போது சாதாரணமாக இருக்கும். மலை ஏறியதும் பந்து போல உப்பிவிடும். பாஸ்கல் செய்த அதே சோதனை. மைத்துனர் தேவை இல்லை!

நம் விவசாயிகள் என்ன செய்தார்கள்? தண்ணீர் கீழே போகப் போக, கிணற்றுக்குள் திட்டுக் கட்டி மோட்டாரையும் ஆயில் என்ஜினையும் உள்ளே இறக்கினார்கள். ஆழ்குழாய்க் கிணறு வந்தபோது, தண்ணீருக்கு அடியில் இருந்து மேலே தள்ளுகிற நீர்மூழ்கி மோட்டாரைப் போட்டார்கள். சிலர் கம்பிரசர் வைத்துக் காற்றையே குழாய்க்குள் அனுப்பித் தண்ணீரை மேலே கொண்டுவந்தார்கள். இவ்வளவும் காற்றுப் பாடம்தான். அப்பா வயலில் செய்வதும் பிள்ளை பள்ளியில் படிப்பதும் ஒன்று என்று யாராவது ஒரு நாள் எடுத்துச் சொன்னால் போதும். பாடம் தானாக மனத்தில் நிற்கும்.

தப்பாகச் சொல்லப்படும் பாடம்

இனி மெழுகுவத்திக்கு வருவோம். எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் தெரிந்த சோதனை.

தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தியை நிறுத்திக் கொளுத்துகிறார்கள். மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கிறார்கள். சிறிது நேரத்தில் சுடர் அணைகிறது. தட்டில் இருக்கும் தண்ணீர் டம்ளருக்குள் சர்ரென்று ஏறுகிறது.

"காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராண வாயு. அது எரிந்து தீர்ந்துவிட்டது. அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது" என்று விளக்கம் சொல்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள்.

அழகான விளக்கம். ஆனால் தப்பு!

காற்றில் பிராண வாயு, அதாவது ஆக்சிஜன், சுமார் 21 சதவீதம் இருப்பது உண்மை. நைட்ரஜன் 78 சதவீதம். ஆனால் மெழுகுவத்தி அந்த 21 சதவீதத்தையும் தின்று தீர்ப்பது இல்லை. பெரும்பகுதி மீதம் இருக்கும்போதே அணைந்துவிடுகிறது. தின்ற ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கரியமில வாயுவும் நீராவியும் வெளியே வருகின்றன. அப்படி இருக்க, டம்ளருக்குள் இடம் எப்படிக் காலி ஆகும்?

உண்மைக் காரணம் சூடு. சுடரின் மேல் டம்ளரைக் கவிழ்க்கும்போதே உள்ளே இருக்கும் காற்று சூடேறி விரிகிறது. கொஞ்சம் வெளியே ஓடிவிடுகிறது. விளிம்பில் குமிழி வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுடர் அணைந்ததும் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. அதனால்தான் சுடர் எரியும்போது மெதுவாக ஏறாமல், அணைந்த பிறகு வேகமாக ஏறுகிறது.

இதை எப்படி நம்புவது? யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஒரு மெழுகுவத்திக்குப் பதில் மூன்றை வைத்து அதே டம்ளரைக் கவிழ்த்துப் பாருங்கள். டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் அதேதான். ஆனால் தண்ணீர் அதிகமாக ஏறும்! சூடு அதிகம், அதனால் ஓடிப்போன காற்றும் அதிகம். மெழுகுவத்தியே இல்லாமலும் செய்யலாம். காலி டம்ளரை வெந்நீரில் சூடாக்கித் தட்டுத் தண்ணீரில் கவிழ்த்தால், எதுவும் எரியாமலே தண்ணீர் ஏறுகிறது.

இங்கே ஆசிரியரைக் குறை சொல்வது நோக்கம் அல்ல. அவருக்கும் அவருடைய ஆசிரியர் அப்படித்தான் சொன்னார். ஒரே ஒரு முறை, ஒரே ஒரு மெழுகுவத்தியை வைத்துச் செய்து காட்டிவிட்டு, விளக்கத்தைக் கரும்பலகையில் எழுதினால் தப்பும் சரியும் ஒன்றுபோலத்தான் தோன்றும். "மூன்று வைத்தால் என்ன ஆகும் சார்?" என்று ஒரு பிள்ளை கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை அடக்காமல் செய்து பார்க்க விட வேண்டும். செய்து காட்டுவது வேறு. செய்ய விடுவது வேறு. முதலாவது வேடிக்கை. இரண்டாவதுதான் படிப்பு.

நெருப்புப் பக்கம் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவை இல்லை.

மூடினால் அணையும், மூடினாலும் அணையாது!

டம்ளரால் மூடியதும் சுடர் அணைந்தது அல்லவா? அதை அடுப்படிக்குக் கொண்டுபோங்கள். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் அடுப்பை நிறுத்திவிட்டுத் தட்டால் மூட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய், ஒரு நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயைக் கூரைக்கு வீசும். சேலையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. ஓடினால் காற்றுப் பட்டு நெருப்பு வளரும். தரையில் படுத்து உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் கெட்டியான கம்பளியால் சுற்ற வேண்டும்.

ஆனால் விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைக்கு இதோடு பாடத்தை நிறுத்தினால் அது பாதிப் பாடம். பாதிப் பாடம் ஆபத்து.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். 1923-ல் சிவகாசியில் தொழில் பிறந்தது. பிறகு பட்டாசும் வந்தது. இங்கே மழை குறைவு. காற்றில் ஈரம் குறைவு. மருந்து காய்வதற்கு வேறு என்ன வேண்டும்? ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பாருங்கள். அது காற்றில் இருந்த ஈரம். கடலோர ஊரிலும் சிவகாசியிலும் ஒரே நாளில் இதைச் செய்து பார்த்தால், ஒரு தொழில் ஏன் ஒரு ஊரைத் தேடி வந்தது என்பது புரியும்.

அந்தப் பட்டாசு மருந்துக்கு ஒரு குணம். அது எரிய வெளிக்காற்று வேண்டாம்! மருந்தில் கலந்துள்ள வெடியுப்பு போன்ற பொருள்களுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. எரிய வேண்டியதைக் கையோடு கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. மண்ணைப் போட்டு மூடினாலும், சாக்கைப் போட்டு அமுக்கினாலும் நிற்காது. எண்ணெய்ச் சட்டிக்குச் செய்வதை இங்கே செய்யப் போனால் உயிர் போகும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓடுவது. தூரமாக ஓடுவது. திரும்பி வராமல் இருப்பது.

5-9-2012 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்று தீப்பிடித்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். ஆலையில் வேலை செய்தவர்கள் மட்டும் அல்ல. புகையைப் பார்த்து, உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் பக்கத்து ஊர்களில் இருந்து ஓடிவந்தவர்களும் அடுத்தடுத்த வெடிப்பில் சிக்கினார்கள்.

வெடிப்பு என்றால் என்ன? திடப்பொருள் ஒரு நொடிக்குள் சூடான வாயுவாக மாறி, பல நூறு மடங்கு இடம் கேட்கிறது. சுற்றி உள்ள காற்றை உதைக்கிறது. அந்த உதை ஒலியைவிட வேகமாகப் பாய்கிறது. 1-5-2024 அன்று காரியாபட்டி அருகே கல் குவாரி ஒன்றில் வெடிபொருள் கிடங்கு வெடித்துத் தொழிலாளர்கள் உயிர் இழந்தார்கள். வெகு தூரத்தில் இருந்த வீடுகளும் அதிர்ந்தன. நெருப்பு அவ்வளவு தூரம் போகவில்லை. காற்றும் தரையும் அதிர்வைச் சுமந்து போயின.

காற்றின் உதையைப் பிள்ளைகள் பத்திரமாகப் பார்க்கலாம். காலி பால்பவுடர் டின்னின் அடியில் ஒரு ரூபாய் அளவு துளை. வாய்ப்பக்கம் பலூன் ரப்பரை இறுக்கிக் கட்டுங்கள். துளையை எரிகிற மெழுகுவத்திக்கு நேராகப் பிடித்து, ரப்பரைத் தட்டுங்கள். நாலைந்து அடி தூரத்தில் இருக்கும் சுடர் அணையும். விரலால் தட்டியதற்கே இந்த வேகம்!

கிணற்றுக்குள் இருக்கும் எமன்

காற்றுப் பாடத்தில் மிக முக்கியமானது கடைசியில் வருகிறது. பெரும்பாலும் சொல்லப்படாமலே போகிறது.

பத்திரிகையில் அடிக்கடி வரும் செய்தி: பாழும் கிணற்றில் இறங்கியவர் மயங்கி விழுந்தார். காப்பாற்ற இறங்கிய தம்பி விழுந்தார். அவரைக் காப்பாற்ற இறங்கிய பக்கத்து வீட்டுக்காரர் விழுந்தார்.

மூன்றாவது ஆள் இறங்கியது அன்பினால். ஆனால் அவருக்குக் காற்றுப் பாடம் தெரிந்திருந்தால் இறங்கியிருக்க மாட்டார்.

எல்லா வாயுவும் ஒரே எடை அல்ல. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். காற்றோட்டம் இல்லாத கிணற்றின் அடியில் தண்ணீர் போலத் தேங்கி நிற்கும். இதைக் கண்ணால் காட்டலாம். ஒரு செம்பில் சமையல் சோடா உப்பைப் போட்டு வினிகர் ஊற்றுங்கள். நுரை அடங்கியதும், எரிகிற மெழுகுவத்தியின் மேல் செம்பைச் சாய்த்து, உள்ளே இருக்கும் வாயுவை மட்டும் ஊற்றுங்கள். கண்ணுக்கு எதுவும் விழாது. ஆனால் சுடர் அணைந்துவிடும்!

இதைப் பார்த்த பிள்ளை கிணற்றை வேறு கண்ணால் பார்க்கும்.

கிணற்றுக்குள் ஆயில் என்ஜின் ஓடினால் வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. மணம் இல்லை. நிறம் இல்லை. ஆளைத் தூக்கம் போல அமுக்கிக் கொல்லும். சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஹைட்ரஜன் சல்பைடு. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று இறங்குகிறவர் திரும்புவது இல்லை.

விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். அணைந்தால் இறங்கக் கூடாது என்பது சரி. எரிந்தால் இறங்கலாம் என்பது சரி அல்ல. நச்சு வாயு இருக்கும்போதும் விளக்கு எரியும். எரிகிற வாயு இருந்தால் விளக்கே வினை ஆகிவிடும். யாராவது விழுந்துவிட்டால் 101 அல்லது 112 எண்ணுக்குப் போன் செய்து தீயணைப்புத் துறையை அழைப்பதுதான் வழி. சுவாசக் கருவி அவர்களிடம் இருக்கிறது.

கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யப் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 20-10-2023 அன்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. சட்டம் இருந்தும் சாவு நிற்கவில்லை. "அஞ்சு நிமிஷ வேலைதானே, இறங்குப்பா" என்று சொல்கிற வீட்டுக்காரர் படித்தவராக இருக்கிறார். காற்றுக்கு எடை உண்டு என்று அவரும் தேர்வில் எழுதித்தான் தேறினார்!

யார் செய்வது?

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 28-11-2022 அன்று திருச்சி காட்டூரில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் "வானவில் மன்றம்" திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 6, 7, 8-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியலையும் கணக்கையும் சோதனை செய்து கற்பிக்கும் திட்டம். 13 ஆயிரத்துக்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகள். 25 கோடி ரூபாய். கருத்தாளர்கள் பள்ளி பள்ளியாகப் போய்ச் செய்து காட்டுவது ஏற்பாடு. அதற்கு வெகுகாலம் முன்பே தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் "துளிர்" மாத இதழ் நடத்தி, கிராமம் கிராமமாக இத்தகைய சோதனைகளைக் கொண்டுபோனார்கள்.

நல்ல காரியம். ஆனால் வந்து போகிறவர் செய்து காட்டுவதோடு முடிந்தால், அது திருவிழாக் கடை மாதிரி. மறுநாள் வாளியும் டம்ளரும் வகுப்பிலேயே இருக்க வேண்டும். எல்லாப் பிள்ளையும் தொட வேண்டும். பின் பெஞ்சுப் பிள்ளை முதலில் தொட வேண்டும். உடைந்தால் ஒரு டம்ளர்தானே? பாடம் முடிக்க நேரம் இல்லை என்பார்கள். நாலு வரியை நாற்பது தடவை சொல்ல வைக்க நேரம் இருக்கிறது!

வீட்டிலும் செய்யலாம். "எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நான் எப்படிப் பிள்ளைக்குச் சொல்லித்தருவது?" என்று தாய்மார் தயங்க வேண்டாம். 1990-களில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்துக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றார்கள். புத்தகத்தைப் படித்தா சைக்கிள் கற்றார்கள்? ஏறினார்கள், விழுந்தார்கள், ஓட்டினார்கள். அதே சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும் என்பது ஒரு வரிப் பாடம். கை சுட்டால் மறக்காது.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனம் என்பதையும் தாயே சொல்லலாம். கசிந்தால் தரையோடு படரும். ஸ்விட்சைத் தொடாமல், தீக்குச்சி கிழிக்காமல், முதலில் கதவைத் திறக்க வேண்டும். மேல் ஜன்னல் மட்டும் போதாது.

பள்ளியில் ஒன்று மாற வேண்டும். தேர்வில் காற்றைப் பற்றி வரும் ஒரு கேள்வியையாவது தாளில் கேட்காமல் மேஜையில் கேட்கட்டும். தட்டு, தண்ணீர், டம்ளர், மெழுகுவத்தி எல்லாம் எதிரே இருக்கும். ஆசிரியர் கேட்பார்: "ஒன்று வைத்தால் தண்ணீர் இவ்வளவு ஏறுகிறது. மூன்று வைத்தால் எவ்வளவு ஏறும்? முதலில் சொல். பிறகு செய்."

சொன்னது தப்பிப்போனால் மார்க்கைக் குறைக்க வேண்டாம். ஏன் தப்பியது என்று பிள்ளை கண்டுபிடித்துச் சொன்னால், முழு மார்க்.